முட்டையை நிறுத்தியும் எல்டிஎல் இறங்கவில்லையா? கல்லீரல் செல் போடும் கணக்கு இதுதான்

மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டில் எல்டிஎல் என்ற வரிக்கு நேராக 168 என்று வந்துவிட்டால், பெரும்பாலான வீடுகளில் முதலில் நிற்பது முட்டை. அடுத்தது நெய். சமையல் எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பி ‘கொலஸ்ட்ரால் இல்லாதது’ என்று போட்டிருக்கிறதா எனப் பார்ப்பார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்தால் 161 என்று வரும். ‘இவ்வளவு கட்டுப்பாடா இருந்தும் ஏன் குறையல?’ என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

தட்டில் இருப்பதை மட்டும் வைத்து அந்த எண்ணைப் புரிந்துகொள்ள முடியாது. ரத்தத்தில் எல்டிஎல் எவ்வளவு மிதக்கிறது என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதத்தின் எண்ணிக்கை. உணவு, பரம்பரை, மாத்திரை, ஊசி எல்லாமே கடைசியில் வந்து நிற்பது அந்தப் புரதத்திடம்தான். ரிப்போர்ட் நார்மல் ஆனதும் மாத்திரையை நாமாகவே நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது.

கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது?

உடலில் உள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு உண்டு. அந்தச் சவ்வு ரொம்ப இளகிப்போகாமலும், ரொம்ப விறைத்துப்போகாமலும் பார்த்துக்கொள்வது கொலஸ்ட்ரால். பித்தநீரில் உள்ள பித்த அமிலங்கள், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் எல்லாம் கொலஸ்ட்ராலில் இருந்துதான் தயாராகின்றன. வெயில் பட்டால் தோலில் உருவாகும் வைட்டமின் டி-யும் இதே குடும்பம்தான்.

இவ்வளவு முக்கியமான பொருளை உடல் சாப்பாட்டை மட்டும் நம்பி விட்டுவைக்கவில்லை. தேவையில் பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது. மூலப்பொருள் அசிட்டைல் கோ-ஏ. சோறு, எண்ணெய், பருப்பு என எதைச் சாப்பிட்டாலும் அது செல்லுக்குள் உடைபடும்போது கிடைக்கும், இரண்டு கார்பன் அணுக்களைச் சுமந்து நிற்கும் சின்ன மூலக்கூறு அது. அதையே திரும்பத் திரும்பக் கோத்து, சுமார் 30 படிகளில் 27 கார்பன் கொண்ட கொலஸ்ட்ராலை செல் கட்டி முடிக்கிறது. இந்த வழித்தடத்தைக் கண்டறிந்ததில் முக்கியப் பங்காற்றிய கான்ராட் பிளாக், ஃபியோடர் லைனன் இருவருக்கும் 1964-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அதனால்தான், முட்டையும் இறைச்சியும் தொடாதவர்களுக்கும் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் வருகிறது. வராமல் இருந்தால்தான் பிரச்சினை.

தாவரங்கள் கொலஸ்ட்ராலை நம்பி இல்லை. அவற்றின் சவ்வில் வேறு வகை ஸ்டீரால்கள் இருக்கின்றன. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. செக்கில் ஆட்டினாலும் சரி, ரீஃபைண்ட் ஆனாலும் சரி. பாக்கெட்டில் உள்ள அந்த வாசகம் பொய் இல்லை. ஆனா, ‘எங்கள் தண்ணீரில் எலும்பு இல்லை’ என்று விளம்பரம் செய்வது மாதிரிதான்.

இன்னொரு விஷயம்: கொலஸ்ட்ராலைக் கட்டத் தெரிந்த நம் உடலுக்கு அதை உடைக்கத் தெரியாது. சர்க்கரையையும் சாதாரண கொழுப்பையும் எரித்து ஆற்றலாக்குவதைப் போல, கொலஸ்ட்ராலில் உள்ள வளையங்களைப் பிளந்து எரிக்கும் என்சைம் மனிதரிடம் இல்லை. உபரியை வெளியேற்ற இருக்கும் முக்கிய வழி ஒன்றுதான்: கல்லீரல் அதை ரத்தத்தில் இருந்து எடுத்து, பித்தநீர் வழியாகக் குடலுக்குள் தள்ள வேண்டும். கதை கல்லீரலைச் சுற்றியே நடப்பதற்கு இதுதான் காரணம்.

அப்போ ‘கெட்ட கொழுப்பு’ எது?

எண்ணெய் தண்ணீரில் கரையாது. கொலஸ்ட்ராலும் ரத்தத்தில் கரையாது. அதனால் உடல் அதைப் பார்சல் கட்டி அனுப்புகிறது. பார்சலின் வெளிப்புறம் நீரோடு ஒத்துப்போகும் உறை, உள்ளே கொழுப்பு, சுற்றிக் கட்டிய கயிறு போல ஒரு புரதம். எல்டிஎல் என்பது இப்படிப்பட்ட ஒரு பார்சல். அதன் குறுக்களவு சுமார் 22 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனைவிட சில ஆயிரம் மடங்கு சிறியது. அதற்குள் சுமார் 1,500 கொலஸ்ட்ரால் எஸ்டர் மூலக்கூறுகள் அடைத்திருக்கும். அபோ-பி100 என்ற அந்தக் கயிறு ஒரே புரதம்தான், ஆனால் 4,536 அமினோ அமிலங்கள் நீளம்.

நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்டிஎல் பார்சலிலும் இருப்பது இதே கொலஸ்ட்ரால் மூலக்கூறுதான். நல்லது, கெட்டது என்ற பட்டம் உள்ளே இருக்கும் சரக்கைப் பற்றியதல்ல, பார்சலைப் பற்றியது. எல்டிஎல் பார்சல்கள் ரத்தத்தில் அதிக நாள் சுற்றினால், ரத்தக்குழாயின் உட்சுவரைத் தாண்டி உள்ளே புகுந்து அங்கேயே மாட்டிக்கொள்கின்றன. அவற்றை விழுங்க வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பால் வீங்கி அங்கேயே தங்க, வருடக்கணக்கில் ஒரு படிவு உருவாகிறது. அது ஒருநாள் வெடித்து, மேலே ரத்தம் உறைந்தால் மாரடைப்பு.

ஆகவே, பார்சல்கள் எவ்வளவு சீக்கிரம் ரத்தத்தை விட்டு வெளியேறுகின்றன என்பதுதான் முக்கியம். அதைக் கண்டுபிடித்த கதை அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் தொடங்குகிறது.

டல்லாஸ் ஆய்வகத்தில் கிடைத்த கொக்கி

1970-களின் தொடக்கத்தில் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டல்லாஸ் மருத்துவ மையத்தில் ஒரு பரம்பரை நோயை ஆராய ஆரம்பித்தார்கள். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்த குழந்தைகளுக்கு எல்டிஎல் இயல்பைவிட ஆறு மடங்குக்கும் மேல் இருக்கும். பள்ளி வயதிலேயே மாரடைப்பு வரும். முட்டை சாப்பிட்டு வந்த வினை என்று யாரும் சொல்ல முடியாத வயது.

இருவரும் நோயாளிகளின் தோல் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்தார்கள். ஆரோக்கியமான ஒருவரின் செல்லுக்கு எல்டிஎல் கொடுத்தால், அது ‘வெளியிலிருந்து வருகிறது, நான் தயாரிக்க வேண்டாம்’ என்று தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது. இந்தக் குழந்தைகளின் செல்களோ எவ்வளவு எல்டிஎல் ஊற்றினாலும் கண்டுகொள்ளவே இல்லை. உற்பத்தி முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. எல்டிஎல் உள்ளேயே போகவில்லை என்பதுதான் விஷயம். அதைப் பிடித்து உள்ளே இழுக்கும் கொக்கி போன்ற புரதம் அந்தச் செல்களில் இல்லை, அல்லது பழுதாகி இருந்தது.

அந்தக் கொக்கிக்குப் பெயர் எல்டிஎல் ஏற்பி. அது வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எல்டிஎல் வந்து கொக்கியில் மாட்டியதும், அந்த இடத்தில் செல் சவ்வு குழிந்து சின்ன பை போல உள்ளே கழன்று போகும். பைக்குள் அமிலத்தன்மை ஏற ஏற, கொக்கி பார்சலை விட்டுவிடும். பார்சல் உடைபடப் போய்விடும். கொக்கி மட்டும் மறுபடி மேற்பரப்புக்கு வந்துவிடும். ஒரு ட்ரிப்புக்குச் சுமார் 10 நிமிடம். ஒரு ஏற்பியின் ஆயுள் ஏறத்தாழ 20 மணி நேரம். அதற்குள் நூறு முறைக்கு மேல் போய் வந்துவிடும். பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

மோட்டாரும் லாரித் தண்ணீரும்

சரி, எத்தனை கொக்கி வேண்டும் என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

சென்னை வீடுகளில் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் இரண்டு வேலை நடக்கும். போர் மோட்டாரைப் போடுவார்கள். லாரித் தண்ணீருக்கும் சொல்லிவைப்பார்கள். தொட்டி நிறைந்துவிட்டால் இரண்டையும் நிறுத்திவிடுவார்கள். செல் செய்வதும் அதேதான்.

செல்லின் உட்சவ்வு ஒன்றில் எஸ்ஆர்இபிபி என்ற புரதம் கட்டிப்போடப்பட்டிருக்கும். அந்தச் சவ்வில் கொலஸ்ட்ரால் போதுமான அளவு இருக்கும்வரை அது அசையாது. அளவு குறைந்ததும் கட்டு அவிழும். அது செல்லின் இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே இரண்டு கத்தரிகள் போன்ற என்சைம்களால் வெட்டப்படும். வெட்டுப்பட்ட துண்டு நேராக உட்கருவுக்குள் போய் மரபணுக்களை இயக்கும். கொலஸ்ட்ரால் தயாரிக்கும் என்சைம்கள் கூடும், இதுதான் மோட்டார். மேற்பரப்பில் எல்டிஎல் ஏற்பிகளும் கூடும். இதுதான் லாரிக்குச் சொல்லிவைப்பது. ரத்தத்தில் மிதக்கும் எல்டிஎல் பார்சல்கள்தான் அந்த லாரிகள்.

ரிப்போர்ட்டில் நாம் பார்க்கும் எண், தெருவில் இன்னும் எத்தனை லாரிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன என்ற கணக்கு மட்டுமே.

இப்போது முட்டைக்கு வருவோம். ஒரு முட்டையின் மஞ்சள் கருவில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அது உள்ளே வந்தால் உடல் தன் மோட்டாரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பெரும்பாலானோருக்கு உணவில் வரும் கொலஸ்ட்ரால், எல்டிஎல் எண்ணைக் கொஞ்சம்தான் அசைக்கும். ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம்தான் என்ற உச்சவரம்பை அமெரிக்காவின் 2015-2020 உணவு வழிகாட்டுதல் கைவிட்டதும் இதனால்தான். சிலருக்கு ஏற்றம் கூடுதலாக இருக்கும் என்பதால், சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியது வேறொன்று: நிறைவுற்ற கொழுப்பு. இது அதிகமானால் கல்லீரலில் எல்டிஎல் ஏற்பிகளின் வேலை மந்தமாகிறது. நெய், வெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு, பாமாயில் எல்லாம் இந்தப் பட்டியலில் வரும். தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல் நிறைவுற்ற கொழுப்புதான். அதில் ஒரு சொட்டு கொலஸ்ட்ரால்கூட கிடையாது. ஆனாலும் தாராளமாக ஊற்றினால் எல்டிஎல் ஏறும். முட்டையை நிறுத்திவிட்டு பேக்கரி பஃப்ஸைத் தொடர்பவர்களின் ரிப்போர்ட் ஏன் அசைவதில்லை என்பது இதிலிருந்து புரியும்.

பூஞ்சையில் கிடைத்த மாத்திரை

மோட்டாரை மட்டும் வேண்டுமென்றே நிறுத்தினால் என்ன ஆகும்? ஜப்பானின் சாங்கியோ நிறுவனத்தில் இருந்த அகிரா எண்டோ தேடியது அப்படி ஒரு பொருளைத்தான். கொலஸ்ட்ரால் தயாரிப்பின் வேகத்தை முடிவு செய்வது எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற என்சைம். தன்னைத் தாக்கும் நுண்ணுயிர்களின் சவ்வைக் கெடுக்க, ஏதாவது ஒரு பூஞ்சை இந்த என்சைமைத் தடுக்கும் வேதிப்பொருளை வைத்திருக்கும் என்பது அவர் ஊகம். 1971-ல் தொடங்கி இரண்டு ஆண்டுகளில் 6,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களைச் சோதித்தார். கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் இருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சையில் அது கிடைத்தது. காம்பாக்டின் என்று பெயர்.

எலிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். எலியின் கல்லீரல் அந்த என்சைமையே கூடுதலாகச் செய்து சமாளித்துவிடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது. எண்டோ விடவில்லை. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொலஸ்ட்ரால் நன்றாகவே குறைந்தது. (கொலஸ்ட்ரால் விவகாரத்தில் கடைசியில் வழிகாட்டியது முட்டைக்கோழிதான்.) காம்பாக்டின் மருந்தாகக் கடைக்கு வரவில்லை. அதே வகையைச் சேர்ந்த லோவாஸ்டாடினை மெர்க் நிறுவனம் 1987-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தது. அட்டோர்வாஸ்டாடின், ரோசுவாஸ்டாடின் என்று இன்று மருந்துக்கடைகளில் கிடைப்பவை எல்லாம் இந்தக் குடும்பம்தான். எண்டோ 2024 ஜூனில், 90 வயதில் காலமானார். அவருக்கு நோபல் கிடைக்கவே இல்லை என்பது பலருக்கும் உறுத்தும் விஷயம்.

ஸ்டாடின் வேலை செய்வது நேரடியாக ரத்தத்தில் இல்லை. கல்லீரல் செல்லில் மோட்டாரை முடக்குகிறது. உள்ளே கொலஸ்ட்ரால் குறைகிறது. எஸ்ஆர்இபிபி அவிழ்கிறது. செல் பதறிப்போய் மேற்பரப்பில் கூடுதல் கொக்கிகளை நிறுத்துகிறது. ரத்தத்தில் சுற்றும் எல்டிஎல் உள்ளே இழுக்கப்பட்டு, ரிப்போர்ட்டில் எண் குறைகிறது. எண் குறைவதால் உயிர் பிழைக்கிறார்களா என்ற கேள்விக்கு, 1994-ல் வெளியான ஸ்காண்டிநேவிய ஆய்வு பதில் சொன்னது. ஏற்கெனவே இதய நோய் இருந்த 4,444 பேரை ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் கண்காணித்ததில், சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களிடம் இறப்பு 30 சதவீதம் குறைவாக இருந்தது.

‘நார்மல் ஆயிடுச்சே, நிறுத்தலாமா?’

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். காய்ச்சல் மாத்திரை மாதிரி, குணமானதும் நிறுத்துவது இது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்டாடின் எதையும் குணப்படுத்தி முடிப்பதில்லை. தினமும் மோட்டாரைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். மாத்திரையை நிறுத்தினால் என்சைம் மறுபடி ஓடும், செல்லுக்குள் கொலஸ்ட்ரால் நிறையும், எஸ்ஆர்இபிபி மறுபடி கட்டிப்போடப்படும், புதுக் கொக்கிகள் வருவது குறையும். சில வாரங்களில் எல்டிஎல் பழைய எண்ணுக்கே திரும்பிவிடும். ரிப்போர்ட் நார்மலாக இருந்ததே மாத்திரையால்தான்.

பக்கவிளைவு பயமும் ஒரு காரணம். வாட்ஸ்அப்பில் வருவது எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது. ஸ்டாடின் ரத்தச் சர்க்கரையைச் சற்று ஏற்றக்கூடும். மிக அரிதாகத் தசைகள் கடுமையாகச் சிதையலாம்; தாங்க முடியாத தசைவலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடரக் கூடாது. ஆனால் சாதாரண உடம்பு வலியைப் பற்றி 2020-ல் பிரிட்டனில் இருந்து வந்த ஒரு ஆய்வு யோசிக்க வைக்கிறது. பக்கவிளைவால் ஸ்டாடினை நிறுத்திய 60 பேருக்கு சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் எதுவுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாடின் எடுத்தபோது வந்த தொந்தரவில் 90 சதவீதம் வெற்று மாத்திரைக்கும் வந்தது. வலி நிஜம்தான். ஆனால் அதில் பெரும்பகுதி, மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பில் இருந்து வந்தது. தொந்தரவு இருந்தால் டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டாடினுக்கு மாறலாம். மருத்துவரிடம் சொல்லாமல் டப்பாவை மூடி வைப்பதுதான் ஆபத்து.

டோஸை இரட்டிப்பாக்கினாலும் 6 சதவீதம்தான்

ஸ்டாடின் டோஸை இரண்டு மடங்காக்கினால் எல்டிஎல் கூடுதலாக 6 சதவீதம் அளவில்தான் குறையும். ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? அதற்கான ஒரு காரணம் பிறகுதான் தெரியவந்தது.

2003-ல் பிரெஞ்சுக் குடும்பங்கள் சிலவற்றில், எல்டிஎல் ஏற்பி சரியாக இருந்தும் எல்டிஎல் எகிறியிருப்பதை ஆராய்ந்தபோது பிசிஎஸ்கே9 என்ற புரதம் சிக்கியது. கல்லீரல் சுரக்கும் இந்தப் புரதம், கொக்கியோடு ஒட்டிக்கொண்டு செல்லுக்குள் போகும். போனபின் கொக்கியை மேலே திரும்ப விடாது. அதையும் சேர்த்துச் சிதைக்கும் இடத்துக்கு இழுத்துப் போய்விடும். நூறு ட்ரிப் அடிக்க வேண்டியது பாதியிலேயே முடிந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், கொக்கிகளைக் கூட்டும் அதே எஸ்ஆர்இபிபிதான் பிசிஎஸ்கே9-ஐயும் கூட்டுகிறது. ஸ்டாடின் ஒரு கையால் கொடுப்பதில் கொஞ்சத்தை செல் இன்னொரு கையால் பறித்துக்கொள்கிறது.

இதன் மறுபக்கத்தைப் பார்த்தவர்கள் அதே டல்லாஸ் வளாகத்தைச் சேர்ந்த ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன். பிசிஎஸ்கே9 மரபணு பிறவியிலேயே பழுதான சிலர் ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடையே இருந்தார்கள். அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு. 15 ஆண்டு கண்காணிப்பில் அவர்களுக்கு இதய நோய் 88 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2006-ல் அறிவித்தார்கள். 28-க்கு 88 என்பது பொருந்தாத கணக்கு போலத் தெரியலாம். இவர்களுக்கு எல்டிஎல் 50 வயதில் குறைந்ததல்ல, பிறந்ததிலிருந்தே குறைவு. ரத்தக்குழாய்க்கு எண் மட்டும் முக்கியமில்லை, எத்தனை வருடம் அந்த எண்ணோடு இருந்தோம் என்பதும் முக்கியம்.

பிசிஎஸ்கே9-ஐப் பிடித்து வைக்கும் எவலோகுமாப், அலிரோகுமாப் ஊசிகள் 2015-ல் அனுமதி பெற்றன. செல்லுக்குள்ளேயே அந்தப் புரதம் உருவாகாமல் தடுக்கும் இன்கிலிசிரான், தொடக்க டோஸ்களுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் போதும். ஸ்டாடின் மாத்திரையோடு ஒப்பிட்டால் விலை பல மடங்கு என்பதால், இவை எல்லோருக்குமான முதல் மருந்து இல்லை.

ஒருவருக்கு என்றால் வீட்டில் மற்றவர்களுக்கு?

டல்லாஸ் குழந்தைகளுக்கு வந்தது மிக அரிதான வடிவம். ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பழுதான மரபணு வரும் வடிவம் அவ்வளவு அரிதல்ல. உலக அளவில் சுமார் 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. கொக்கிகளில் பாதிதான் வேலை செய்யும், எல்டிஎல் இரு மடங்கு வரை இருக்கும். ஒல்லியாக இருப்பார்கள், சைவமாகக்கூட இருப்பார்கள். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் தடித்திருப்பது, இளம் வயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிவது போன்றவை சிலரிடம் காணப்படும். பலருக்கு எந்த அடையாளமும் இருக்காது.

பெரியவர்களில் சிகிச்சை இல்லாத நிலையில் எல்டிஎல் 190 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவர்கள் இந்தக் கோணத்தில் யோசிப்பார்கள். அப்பா, அம்மா, மாமா யாருக்காவது இளம் வயதிலேயே மாரடைப்பு வந்ததா என்று கேட்பது அதனால்தான். உறுதியானால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்வார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த மரபணு போயிருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு. இந்திய இதயவியல் சங்கம் 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் லிப்பிட் டெஸ்ட்டை 18 வயதில் எடுக்கச் சொல்கிறது. குடும்பத்தில் இப்படி வரலாறு இருந்தால் அதற்கும் முன்பே. அதற்காக வெறும் வயிற்றோடு காத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் பெரும்பாலானோருக்கு இப்போது இல்லை.